யவனர் தேறலும் கருக்காக்குறிச்சிப் பொன்னும்

சில ஆண்டுகளுக்கு முன்பு புதுக்கோட்டையில் மாணவர் கூட்டம் ஒன்றில் பண்டைக் கடல் வாணிகத்தைப் பற்றிப் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பேச்சின் வேகத்தில், ஸ்பெயின் நாட்டுச் செந்நிறத் திராட்சை மது தமிழ் மன்னர்களின் பொற்கிண்ணங்களில் நிறைந்து நின்றது என்று சொல்லிவிட்டேன். கைதட்டலும் கிடைத்தது. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒரு மாணவி அருகில் வந்து, "ஐயா, அது ஸ்பெயின் மது என்று எப்படித் தெரியும்? செந்நிறம் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார். முதற் கேள்விக்கு அரைகுறையாக ஒரு விடை சொன்னேன். இரண்டாம் கேள்விக்கு என்னிடம் விடையே இல்லை. அன்றிரவு வீட்டிற்கு வந்து நூல்களைப் புரட்டியபோது, முதற் கேள்விக்கு நான் சொன்ன விடையும் பிழை என்று கண்டேன். அந்தப் பிழையைத் திருத்திக்கொள்ளும் கடன் எனக்கு உண்டு. இன்றைய பேச்சை அதற்கே பயன்படுத்திக் கொள்கிறேன்.

மதுவைப் பற்றி மாணவர்களிடம் வானொலியில் பேசலாமா என்று பெரியவர்கள் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். அவர்கள் அஞ்ச வேண்டா. இங்கே மது குடிக்கும் பொருளாக வரவில்லை. சான்றுப் பொருளாக வருகிறது. சாடி உடைந்து, மது வற்றி, இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். திராட்சைக்குத் தமிழில் கொடிமுந்திரி என்றும் ஒரு பெயர் உண்டு. ஆலங்குடி, கறம்பக்குடிப் பக்கத்து மாணவர்கள் முந்திரி என்றதும் தங்கள் ஊர்த் தோப்புகளையே நினைப்பார்கள். அந்த முந்திரி, போர்ச்சுகீசியர் பிரேசில் நாட்டிலிருந்து கொண்டுவந்த மரம். சங்க காலத்தார் அதனைக் கண்டதில்லை. நான் சொல்வது கொடியில் காய்ப்பது. கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சையை வாயிலிட்டுப் பிதுக்கிப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். தோல் கறுப்பு, உள்ளிருக்கும் சதையும் சாறும் ஏறக்குறைய நிறமற்றவை. ஆகவே கறுப்புத் திராட்சையைப் பிழிந்தவுடன் தோலை நீக்கிவிட்டால் வெளிறிய மதுவே கிடைக்கும். தோலையும் சாற்றையும் ஒன்றாகவே பல நாள் ஊறவிட்டுப் புளிக்கச் செய்தால்தான் செம்மது உண்டாகும். ஆட்டி வைத்த மாவு இரவில் பொங்குவதைப் போலச் சாறும் பொங்கும். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் பழத்தின் சர்க்கரையை உண்டு அதனை ஆல்ககாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. தோலிலிருந்து நிறம் இறங்குகிறது. தோலிலிருந்தும் விதையிலிருந்தும் ஒருவகைத் துவர்ப்பும் இறங்குகிறது. பச்சைப் பாக்கைக் கடித்தால் நாக்கைப் பிடிக்குமே, அந்த இனத்துத் துவர்ப்பு. செம்மது நெடுங்காலம் கெடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்று ஸ்பெயின் இவ்வகைச் செம்மதுவுக்குப் புகழ்பெற்ற நாடு. வடக்கே எப்ரோ ஆற்றங்கரையிலுள்ள ரியோஹா என்னும் நிலப்பகுதியே அப்புகழுக்குத் தலைநகரம் போன்றது. அங்கே முதன்மையாகப் பயிராகும் திராட்சைக்குத் தெம்பிரானில்லோ என்று பெயர். ஸ்பானிய மொழியில் 'முந்திய' என்று பொருள்படும் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது; மற்றக் கறுப்பு இனங்களுக்கு முந்திப் பழுப்பதால் அப்பெயர் பெற்றது. நம் உழவர் குறுகிய காலப் பயிரைக் குறுவை என்று அழைப்பதை ஒத்தது இது. கர்னாச்சா, மொனஸ்திரெல் என்ற இனங்களும் அந்நாட்டில் உண்டு. ஓக் மரப் பீப்பாயில் எத்தனை காலம் கிடந்தது, பிறகு புட்டியில் எத்தனை காலம் உறங்கியது என்பதைக் கொண்டு அங்கே மதுவைத் தரம் பிரிக்கிறார்கள். 'ரிசெர்வா' என்று சீட்டு ஒட்டிய செம்மது 3 ஆண்டுகளும், 'கிரான் ரிசெர்வா' என்பது 5 ஆண்டுகளும் காத்திருந்தே கடைக்கு வரவேண்டும்.

ஆனால் இந்தப் பீப்பாய் முறை ரியோஹாவில் வேரூன்றியது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர்தான். பிரான்சு நாட்டின் போர்தோ நகரத்தார் கையாண்ட 225 லிட்டர்ப் பீப்பாயை ஸ்பெயின் நாட்டுப் பெருநிலக்கிழார் சிலர் பின்பற்றத் தொடங்கினர். சில ஆண்டுகளில் பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களை ஒரு சிறு வேர்ப்பூச்சி அழிக்க, போர்தோ வணிகர்கள் மலை கடந்து ரியோஹாவுக்கு வந்து மது வாங்கினர், தொழில் செழித்தது. இதனை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. என் பிழை பிறந்த இடம் இதுதான். ஒன்றரை நூற்றாண்டுப் புகழை எடுத்து இரண்டாயிரம் ஆண்டு பின்னால் தள்ளி வைத்துவிட்டேன். வரலாறு படிப்போர்க்கு இதைவிட எளிதாக நேரும் வழுக்கல் வேறில்லை.

நிற்க. பண்டை ஸ்பெயினில் மதுவே இல்லையா என்றால், இருந்தது, மிகுதியாகவே இருந்தது. இன்று காடிஸ் எனப்படும் துறைமுகத்தை அமைத்த பினீசியர் என்னும் கடலோடிகள் அந்நாட்டில் திராட்சைத் தொழிலைப் பரப்பினர். பின்னர் உரோமர் வந்தனர். அதே காடிஸில் பிறந்த கொலுமெல்லா என்பவர் வேளாண்மையைப் பற்றி 12 புத்தகங்கள் கொண்ட பெருநூலை இலத்தீனில் எழுதினார். திராட்சைக் கொடியை நடுவது, வெட்டுவது, பந்தலிடுவது ஆகியவை அதில் விரிவாக உள்ளன. பிளினி என்ற உரோம அறிஞர், ஸ்பெயினின் ஒரு பகுதி மது மிகுதிக்குப் பெயர்பெற்றது, தார்ராக்கோ பகுதி மது தரத்திற்குப் பெயர்பெற்றது என்று பிரித்தே எழுதியிருக்கிறார். இந்தப் பிளினியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவர் கி.பி. 73 அளவில் அப்பகுதியிலேயே உரோமப் பேரரசின் நிதி அதிகாரியாகப் பணியாற்றியவர். நம் கதையில் மீண்டும் மீண்டும் வருவார்.

இனி நம் பக்கம் வருவோம். புறநானூற்றின் 56ஆம் பாட்டு, இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்ற பாண்டியனை நக்கீரர் வாழ்த்திப் பாடியது. யவனர் கொண்டுவந்த, குளிர்ந்த, மணம் கமழும் தேறலைப் பொன்னாற் செய்த கலத்தில் மகளிர் ஏந்தி ஊட்ட, நாள்தோறும் மகிழ்ந்து வாழ்க என்று புலவர் வாழ்த்துகிறார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டு வெளியிட்டது 1894ஆம் ஆண்டு. அதற்கு முன் இப்பாட்டு ஏட்டுச் சுவடிக்குள் கிடந்தது.

இப்பாட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தேறல் என்பது தெளிவு. வண்டல் நீக்கித் தெளிந்த மது. குளிர்ச்சி சொல்லப்பட்டது. மணம் சொல்லப்பட்டது. நிறம் சொல்லப்படவில்லை! செந்நிறம் நான் ஊற்றியது, நக்கீரர் ஊற்றியதன்று. இன்னுமொன்று. யவனர் 'நன்கலம்' தந்தது என்கிறது பாட்டு. கலம் என்றால் மரக்கலமும் ஆகும், கொள்கலமும் ஆகும். நல்ல கப்பலில் வந்த தேறலா, நல்ல சாடியில் வந்த தேறலா என்று இருவகையாகவும் பொருள் கொள்ள இடமுண்டு. எப்படிக் கொண்டாலும் யவனர் எந்த ஊரார் என்று பாட்டு சொல்லவில்லை. முதலில் கிரேக்கரைக் குறித்த அச்சொல், பிறகு மேற்கே இருந்து கடல் வழியாக வந்த எல்லாரையும் குறிக்கும் பொதுப்பெயராயிற்று.

தமிழரிடம் சொந்தமாக மது இல்லாமல் இதற்கு ஆசைப்பட்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கள், நறவு, மட்டு, நெல்லிலிருந்து வீட்டில் காய்ச்சிய தோப்பி என்று எத்தனையோ பெயர்கள் சங்க நூல்களில் உள்ளன. சிறிதளவே கள் கிடைத்தால் தனக்கு வைத்துக்கொள்ளாமல் புலவர்க்கே கொடுத்துவிட்ட அதியமானை எண்ணி ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டைப் படித்தவர்கள் அறிவார்கள். அந்தக் கள் ஊரார் எல்லாரோடும் பகிர்ந்துண்ட கள். யவனர் தேறலோ பொற்கிண்ணத்தில் அரசன் கைக்கு மட்டும் போனது. அரிதாக வந்த பொருள் என்பதற்கு அதுவே அடையாளம்.

அரிது என்பதற்கு மேலைநாட்டார் எழுத்திலேயே சான்று உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் பெயர் தெரியாத கிரேக்க வணிகன் ஒருவன் எழுதி வைத்த கடல்வழிக் கையேடு ஒன்று இருக்கிறது, பெரிப்புளுஸ் என்பார்கள். எந்தத் துறைமுகத்தில் எதை விற்கலாம், எதை வாங்கலாம் என்று கடைக்காரன் கணக்குப் போல எழுதியிருக்கிறான். மேலைக்கரை முசிறிக்கும் அதன் அண்டைத் துறைக்கும் கொண்டுபோக வேண்டியவற்றை எழுதும்போது, எல்லாவற்றுக்கும் முதலாக அவன் எழுதுவது நாணயம். அதுவும் மிகுதியாக வேண்டும் என்கிறான். பட்டியலில் பின்னால் மது வருகிறது. அதிகம் வேண்டா என்ற குறிப்போடு வருகிறது. வடக்கே பரிகாசா என்ற பரூச் துறையில் எந்த மது விலைபோகும் என்றும் சொல்கிறான்: முதன்மையாக இத்தாலியது, பிறகு சிரியாவின் இலாவோதிக்கேயா மதுவும் அரபு மதுவும். ஸ்பெயின் பெயரைக் காணோம்.

மது எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் நாம் வியக்கத்தக்கவை பல உள்ளன. ஆம்போரா என்னும் சுட்டமண் சாடியில் வந்தது. ஓராள் இடுப்பளவு உயரம், ஒடுங்கிய கழுத்து, இருபுறமும் இரண்டு கைப்பிடி, அடியோ கூர்மையாகக் குவிந்திருக்கும். நிற்காத பாத்திரத்தை ஏன் செய்தான் என்று கேட்பீர்கள். கப்பலின் அடித்தட்டில் ஒரு வரிசையின் கூரடியைக் கீழ்வரிசைச் சாடிகளின் தோள்களுக்கிடையே செருகி அடுக்கலாம், அலையில் புரளாது. கவிழ்த்து ஊற்றும்போது அந்தக் கூரடி மூன்றாவது கைப்பிடியாகவும் உதவும். பெரும்பாலான சாடிகள் 25 லிட்டர் அளவு கொள்ளும். சிலவகை இத்தாலியச் சாடிகள் வெறுஞ்சாடியாகவே 25 கிலோ எடை கொண்டவை. அப்படியானால் பாதிக் கூலி மண்ணைச் சுமக்கவே போயிற்று என்றாகிறது. மண்ணில் மது ஊறிக் கசியாதிருக்க உட்புறத்தில் பைன் மரப் பிசினைப் பூசினார்கள். ஆகவே அக்காலத்து மதுவில் பிசின் வாடை வீசியிருக்கும். ஏஜியன் கடலிலுள்ள காஸ் தீவினர் மதுவில் கடல்நீரையும் கலந்தார்கள். நெடுந்தொலைவு போனாலும் கெடாது என்பதற்காக. இன்றைய ரியோஹாச் செம்மதுவைச் சுவைத்துப் பழகியவர்கள் அதனை வாயில் வைத்தால் துப்பிவிடுவார்கள் என்றே நினைக்கிறேன்.

இத்தாலியிலோ காஸ் தீவிலோ கப்பலேறிய சாடி எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இறங்கும். அங்கிருந்து நைல் ஆற்றில் படகேறிக் கோப்டோஸ் என்ற ஊர்வரை தெற்கே போகும். பிறகு ஒட்டகத்தின் முதுகில் 12 நாள் பாலைவனப் பயணம். செங்கடற்கரையில் பெரெனிகே என்ற துறை. அங்கே அகழ்ந்தெடுத்த ஓட்டுச் சில்லுகளில் சுங்கத்தார் எழுதிய மதுக் கணக்குகளே கிடைத்துள்ளன. கோடையில் புறப்பட்டுத் தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்தால், செங்கடல் வாயிலிலிருந்து முசிறிக்கு 40 நாள் என்று நம் பிளினி எழுதுகிறார். கீழ்க்கரைக்கு வரவேண்டிய சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தரைமேலும், குமரியைச் சுற்றி உள்நாட்டு மரக்கலங்களிலும் வந்திருக்கலாம்.

அப்படி வந்து சேர்ந்த இடங்களுள் ஒன்று புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது ஆம்போராவின் உடைந்த கழுத்துகளும் கைப்பிடிகளும் அடிகளும் வெளிப்பட்டன. பின்னர் எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்க அறிஞர் அத்துண்டுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எந்த மண், எந்த வடிவம், எந்த ஊர்ச் சூளை என்று பிரித்தார். மதுச் சாடிகள் பெரும்பாலும் காஸ், ரோட்ஸ் முதலிய கிரேக்கத் தீவுகளையும், இத்தாலியின் கம்பானியாவையும் சேர்ந்தவை என்று கண்டார். ஸ்பெயின் சாடிகளும் சில இருந்தன. என் கூட்டத்துப் பேச்சுக்கு ஆதாரமாக நான் எண்ணியிருந்தது இதைத்தான். ஆனால் அந்தச் சாடிகளின் வடிவம் மதுச் சாடியின் வடிவமன்று. ஒருவகை, மீனை உப்பிட்டு வெயிலில் ஊறவைத்து எடுக்கும் காரும் என்ற சாற்றுக்கு உரியது. மற்றொருவகை ஒலிவ எண்ணெய்க்கு உரியது. உரோம் நகரில் மோந்தே தெஸ்தாச்சோ என்று ஒரு குன்று இருக்கிறது; ஏறக்குறைய 35 மீட்டர் உயரமுள்ள அக்குன்று முழுவதும் எண்ணெய்ச் சாடி ஓடுகளே; அவற்றிற் பெரும்பங்கு தென்ஸ்பெயினிலிருந்து வந்தவை. எண்ணெய்க்கு அந்நாடு அத்தனை பெயர்பெற்றிருந்தது.

மீன்சாறும் எண்ணெயும் பாண்டியனோ சோழனோ கேட்டு வாங்கியிருக்கக்கூடிய பண்டங்கள் அல்ல. அயல்நாட்டில் தங்கிய யவனர் சிலர் தம் வீட்டுச் சமையலை மறக்க முடியாமல் வரவழைத்துக் கொண்டவை என்று வில் கருதினார். கடல் கடந்து போகும் நம்மவர் பெட்டிக்குள் ஊறுகாய்ச் சாடியையும் கருவாட்டையும் வைத்துக்கொண்டு போவதை அறிந்த நமக்கு இது புரியாத செய்தியன்று. ஆக, அரிக்கமேட்டில் கிடைத்த ஸ்பெயின் சாடி அந்த மாணவியின் கேள்விக்கு விடையன்று. என் கூற்றுக்கு அது எதிரான சான்று.

இவ்வளவில் கதை முடிந்திருந்தால் பிழையை ஒப்புக்கொண்டு நான் அமர்ந்துவிடலாம். ஆனால் ஸ்பெயின் இந்நாட்டிற்கு வேறொரு வடிவில் வந்தது என்று நம்புவதற்கு இடமிருக்கிறது. அதன் அடையாளம் கிடைத்தது அரிக்கமேட்டிலன்று; நம் புதுக்கோட்டைச் சீமையிலேயே.

1898ஆம் ஆண்டு. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்களின் தனியரசு. ஆலங்குடி வட்டத்தில் கருக்காக்குறிச்சி என்ற சிற்றூரில், மண்ணுக்குள்ளிருந்து ஒரு பானை வெளிப்பட்டது. உள்ளே 501 பொற்காசுகள். அனைத்தும் உரோமப் பேரரசர்களின் காசுகள். அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலத்தவை. 'ஆரியஸ்' எனப்படும் அக்காசு ஒவ்வொன்றும் நம் வீட்டுப் பெண்கள் எண்ணும் சவரனுக்குச் சற்றே குறைந்த எடையுடையது. 501 காசும் சேர்ந்தால் மூன்றரைக் கிலோவுக்குக் குறையாது. இந்தியாவில் கிடைத்த உரோமப் பொற்காசுப் புதையல்களுள் இது மிகப் புகழ்பெற்றவற்றில் ஒன்று. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜி. எஃப். ஹில் என்பவர் இதனை ஆராய்ந்து உலகறியச் செய்தார்.

புறநானூறு அச்சேறி நான்காண்டு கழித்து இப்பானை கிடைத்திருக்கிறது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினர் என்று அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் முசிறியைப் பாடியிருப்பதும், நாணயமே முதற் சரக்கு என்று பெரிப்புளுஸ் எழுதியிருப்பதும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. அச்செய்தியைக் கையிலெடுத்துப் பார்க்கக்கூடியதாகச் செய்தது கருக்காக்குறிச்சி. உறையூரை அந்த வணிகன் அர்காரு என்று குறிப்பதாகக் கருதுவர். அங்கே மெல்லிய துணி கிடைக்கும் என்கிறான். உறையூருக்கும் பாண்டிக் கடற்கரைக்கும் இடைப்பட்டது நம் மாவட்டம். துணியோ முத்தோ மிளகோ, எதன் விலையாகவோ வந்த பொன் இவ்வழியில் ஒருவர் கையில் தங்கிப் பானைக்குள் போயிற்று. மிளகென்று வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போடுவோம். உரோமில் கறுமிளகு ஒரு பவுண்டு 4 வெள்ளி தெனாரியஸ் என்று பிளினி விலை எழுதியிருக்கிறார். ஒரு பொற்காசுக்கு 25 தெனாரியஸ். அவர்களுடைய பவுண்டு நம் கணக்கில் 330 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆக, ஏறத்தாழ 2 கிலோ மிளகுக்கு ஒரு சவரன்! ஆண்டுதோறும் இந்தியா 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று அவர் புலம்பியதில் வியப்பில்லை.

இந்தப் பொன் எங்கே விளைந்தது? இங்கேதான் ஸ்பெயின் மீண்டும் வருகிறது. அகஸ்டஸ் கி.மு. 19ஆம் ஆண்டுக்குள் ஸ்பெயினின் வடமேற்கு மலைநாட்டை நெடும்போர் செய்து அடக்கினார். அதற்குப் பிறகு அம்மலைகளில் பொன் எடுக்கும் தொழில் பேரளவில் நடந்தது. அஸ்தூரியா முதலிய பகுதிகளிலிருந்து ஆண்டுக்கு 20,000 பவுண்டு பொன் கிடைத்தது என்று சிலர் கணக்கிட்டிருப்பதாகப் பிளினி எழுதுகிறார். ஏறக்குறைய 6,500 கிலோ. அத்தொகையை அப்படியே நம்பவேண்டும் என்பதில்லை. ஆனால் பொன் எடுத்த முறையை அவர் விவரிப்பது வெறுங்கதையன்று. லாஸ் மெதுலாஸ் என்ற இடத்தில் அறுந்து நிற்கும் செம்மண் மலைகள் இன்றும் அதனைக் காட்டுகின்றன.

அதனை நம் மாவட்டத்து மாணவர்கள் நன்கு உணர முடியும். ஏனெனில் நீங்கள் கண்மாய் நாட்டுப் பிள்ளைகள். உரோமரும் மலையுச்சியில் ஏரி வெட்டினார்கள். தொலைவிலிருந்து பாறையைக் குடைந்து வாய்க்கால் கொண்டுவந்து அந்த ஏரியை நிரப்பினார்கள். ஒவ்வோர் ஏரிக்கும் ஐந்து மடை என்று கூடப் பிளினி எண்ணிச் சொல்கிறார். நாம் மடை திறப்பது வயலுக்கு. அவர்கள் மடை திறந்தது மலையை அரிப்பதற்கு. முன்னதாக மலையின் வயிற்றுக்குள் சுரங்கம் தோண்டுவார்கள். விளக்கொளியிலேயே வேலை, பல மாதங்கள் பகலொளியைக் காணாதவர்கள் உண்டு. தோண்டிய கூரை எதிர்பாராமல் சரிந்தால் உள்ளிருப்பவர் கதி அதோடு முடிந்தது. பிறகு மலையையே இடித்து வீழ்த்தி, தேக்கிய நீரைத் திறந்துவிட்டு, சேற்றிலிருந்து பொன்துகளை அரித்தெடுப்பார்கள். கருக்காக்குறிச்சிக் காசுகளில் இன்ன காசு இன்ன மலையின் பொன் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருமுறை பட்டது போதும். ஆயினும் அக்காலத்தில் உரோமுக்குப் பொன் தந்த பெருஞ்சுரங்கம் ஸ்பெயின் என்பதால், அந்தப் பானையில் ஒரு பங்கேனும் அம்மலைகளிலிருந்து வந்தது என்று கருதுவது பொருத்தமே. நக்கீரர் பாட்டில் யவனர் தந்தது தேறல். மகளிர் ஏந்திய கிண்ணமோ பொன். நான் மதுவுக்குள் ஸ்பெயினைத் தேடினேன். கிண்ணத்தைப் பற்றி எண்ணவேயில்லை.

அக்காசுகளில் இன்னொரு விந்தையும் உண்டு. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஆழமாக ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. யார் வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்பதில் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. உள்ளே செம்பு இருக்கிறதா என்று சோதித்தார்கள் என்பர் சிலர். ஆனால் ஓரத்தில் வெட்டிச் சோதிக்கலாமே. முகத்தையே ஏன் வெட்டவேண்டும்? இது இனிக் காசாகச் செல்லாது, பொன்னாக மட்டுமே செல்லும் என்பதற்கு இட்ட குறி என்பர் வேறு சிலர். ஹில் அவ்வாறே எண்ணினார். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. தன் நாட்டில் அயல் அரசனுடைய முகம் ஆட்சி செய்யவேண்டா என்று ஒருவர் நினைத்திருக்கலாம். இதே புதுக்கோட்டைச் சீமை பிற்காலத்தில் பிரிட்டிஷ் ஆட்சியின் நிழலிலும், பிரகதாம்பாள் உருவம் பொறித்த தன் சிறு செப்புக் காசை, அம்மன் காசை, விடாமல் அடித்து வழங்கியதை நினைத்துப் பார்க்கிறேன். இரண்டுக்கும் தொடர்பு கற்பிக்கவில்லை. நினைவு வந்தது, சொன்னேன்.

பானையிலுள்ள காசுகளில் காலத்தால் கடைசியானவை வெஸ்பாசியனுடையவை. அவர் ஆண்டது கி.பி. 69 முதல் 79 வரை. அவருடைய ஆட்சியில்தான் பிளினி ஸ்பெயினில் நிதி அதிகாரியாக இருந்தார். தார்ராக்கோவின் மதுவையும், அஸ்தூரியாவின் பொன்னையும், இந்தியாவுக்குப் போகும் பணத்தையும் ஒரே நூலில் எழுதிய அம்மனிதர், வெஸ்பாசியன் இறந்த அதே 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை பொங்கியபோது அதன் அருகே உயிர்நீத்தார். அரிக்கமேட்டுக்குச் சாடி அனுப்பிய கம்பானியாத் திராட்சைத் தோட்டங்கள் பல அன்று சாம்பலுக்கடியில் போயின.

மாணவியின் கேள்விக்குப் பின்பு ஒருநாள் கருக்காக்குறிச்சிக்குப் போய் வந்தேன். பேருந்திலிருந்து இறங்கினால் செம்மண்ணும் தோப்புகளும். வழியோரத் திண்ணையில் அமர்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக் கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம் பழைய பொற்காசுப் பானையைப் பற்றிக் கேட்டேன். அவர் கையை நிறுத்தாமலே, "எங்க அப்பத்தா சொல்லும். நாங்க ஒண்ணையும் கண்ணால பாக்கல. அதெல்லாம் எங்கே தம்பி இருக்கு?" என்று கேட்டார்.

சில காசுகள் இலண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, ஆத்தா, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, புதுக்கோட்டையில் கிடைத்தவை என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன். அவர் சற்று யோசித்து, "வெட்டுன காசுமா?" என்றார். வெட்டின காசும்தான் என்றேன்.